நாலாவது செகண்டில் ஒரு ஜோக்

மகள் ஜெர்மனிக்குக் கிளம்ப ஆறு நாள் இருந்தபோது எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கு நர்ஸ் வேலை. விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்துவிட்டன.

"நைனா, ஏர்போர்ட்டுல நான் உள்ள போறதுக்குள்ள ஒரே ஒரு தடவ ஜோக் அடிக்காம எங்கிட்ட பேசு. நான் போறது உனக்கு எப்படி இருக்குதுன்னு சொல்லு. ஒரு வார்த்த போதும்."

"எப்படி இருக்குதுன்னா, ஜெர்மனிக்காரன் பாவம்னு இருக்குது" என்றேன்.

"இதத்தான் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

செஞ்சியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் என்று ஊரில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் என்னிடம் மூன்று காப்பி எடுத்தால்தான் அந்தக் கஷ்டம் செல்லுபடியாகும். அழுத முகத்தோடு வருகிறவர்களையும் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவேன். அப்படிப்பட்டவனிடம் இவள் கேட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை நினைத்தாலே உள்ளங்கை வியர்த்து, தாள்கள் மெஷினில் ஒட்டிக்கொண்டு சிக்க ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்றாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும், பழையபடி. அவள் ரெண்டாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து, தமிழில் பேசும் வெளிநாட்டு சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் நாங்கள்தான் ஜோடி. மொபெட்டின் முன்னால் அவள் நின்றுகொள்வாள். கழுத்தில் என் துண்டு பறக்கும். திரும்பி வரும்போது சந்தைமேடு வரைக்கும் உலகத்தை யார் யார் காப்பாற்றினார்கள் என்று கதை சொல்லிக்கொண்டே வருவாள். பிறகு தூங்கி, தலை ஹாண்டில்பாரில் சாயும். ஒரு கையால் அந்த நெற்றியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்திருக்கிறேன். நான் செய்த ஒரே சாகசம் அதுதான்.

இந்தமுறை பஸ் பிடித்து பாண்டிச்சேரி போனோம். பெரிய தியேட்டர், ஏசி, சாய்ந்துகொள்ளும் சீட். படத்தில் ஹீரோ மகன். வயசான அப்பாவும் உண்டு. பூமியைக் காப்பாற்ற மகன் வேறு கிரகத்துக்குக் கிளம்புகிற நேரத்தில் அப்பாவுக்கு அடிபட்டுவிடுகிறது. மகன் மடியில் தலைவைத்துக்கொண்டு, "நீ சின்னதா இருக்கும்போது..." என்று அந்த அப்பா ஆரம்பித்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. மூச்சு பாதியில் நின்றது. இடது கை மரத்துப்போயிருந்தது. சரி, அட்டாக்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே போகும் வழி எந்தப் பக்கம், ஸ்ட்ரெச்சர் இந்தப் படிக்கட்டில் இறங்குமா, அவளுடைய டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா என்பதுவரை மனசுக்குள் ஏற்பாடுகள் நடந்தன. கடைசியில் குனிந்து பார்த்தால், இடது கைமேல் மகள் சாய்ந்துகொண்டிருக்கிறாள். அரை மணி நேரமாகச் சாய்ந்திருக்கிறாள். கை மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

திரையில் அப்பாவின் கண் மூடியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது செகண்டில், ஹீரோவோடு சுற்றுகிற ரோபோ தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது: "மாமே, பெருசு டிக்கெட் வாங்கிடுச்சு. ராத்திரி பிரியாணி யாரு செலவு?"

தியேட்டரே சிரித்தது. அடுத்த நிமிஷம் ஒரு நகரம் முழுக்க இடிந்து விழுந்தது. அதற்கப்புறம் படம் முடியும்வரை அந்த அப்பாவைப் பற்றி ஒருவரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. அவர் ஆரம்பித்த வாக்கியம் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போயிற்று.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கொதித்தேன். "ஒரு மனுஷன் செத்தா ஒரு நிமிஷம் அழவுட மாட்டானுங்களா? எங்க காலத்துல முகமூடி வீரன் பறந்தா கயிறு தெரியும். அவன் போர்த்தியிருந்தது பெட்ஷீட்டுன்னு சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். ஆனா அவன் அழுதா எல்லாரும் அழுதோம். இவனுங்களுக்கு மனசு எங்க இருக்குதுன்னே தெரியல."

"முடிச்சிட்டியா?" என்றாள்.

"இன்னும் இருக்குது."

"விசா வந்த அன்னிக்கு நான் அழுதுகிட்டே கடைக்கு வந்தேனே, நீ இன்னா சொன்னே?"

எனக்கு ஞாபகம் இருந்தது. அங்கே பனி கொட்டுமாம், ஃப்ரிட்ஜ் வாங்குற செலவு மிச்சம் என்று சொல்லியிருந்தேன். கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அந்த ரோபோவ இவ்ளோ திட்டுறியே நைனா, அது உன்னோட சொந்தக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பதில் ஜோக் ஒன்றும் என்னிடம் இல்லை. திண்டிவனம் தாண்டும்வரை யோசித்தேன், கிடைக்கவில்லை. அப்போதுதான் பழைய முகமூடி வீரன் படத்தை எங்கே, யாரோடு பார்த்தேன் என்பது ஒழுங்காக ஞாபகத்துக்கு வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார், மாலைக் காட்சி. அந்தக் காலத்தில் ஒரே படப்பெட்டியை இரண்டு கொட்டகைகள் பங்கு போட்டுக்கொள்ளும். மேல்மலையனூர்ப் பக்கத்துக் கொட்டகையில் ஓடி முடிந்த ரீல் பஸ் ஏறி எங்களுக்கு வரும். எங்கள் கொட்டகைக்காரர் அதை அமாவாசை நாளில் செய்தார். அன்றைக்கு அந்த ஊர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் மனுஷன் வெளியே வருவதே கஷ்டம், ரீல் எப்படி வரும்? முகமூடி வீரன் செத்துப்போன தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறான், ரீல் முடிந்துவிட்டது. லைட்டைப் போட்டார்கள். பெட்டி வரவில்லை.

முதலில் விசில் அடித்தார்கள். பிறகு அதுவும் ஓய்ந்துவிட்டது. முக்கால் மணி நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முறுக்கு விற்கிறவர்கூடத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். தம்பியை எங்கே தூக்கிக்கொண்டு போகிறான், அவன் அம்மாவிடம் என்ன சொல்வான் என்று பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கேட்க, இன்னொருத்தி "சும்மா இருடி" என்றாள். திரும்பிப் பார்த்தால், எங்கள் நைனா அழுதுகொண்டிருந்தார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதற்கு முந்தின வருஷம்தான் கிணற்று வேலையில் செத்துப்போயிருந்தார். சாவு அன்றைக்கு நைனா ஓடியாடிப் பந்தல் போட்டார், ஆள் சொல்லி அனுப்பினார். அழுது நான் பார்க்கவில்லை. இங்கே மணலில் உட்கார்ந்து, சத்தமில்லாமல், தோள் குலுங்க அழுகிறார்.

நான் நடுங்கிப்போனேன். நைனா அழுவார் என்பதே எனக்குத் தெரியாது. என்ன செய்வதென்று புரியாமல் எழுந்து நின்றேன். அவர் துண்டை எடுத்து முகத்தில் கட்டிக்கொண்டேன். பக்கத்து ஆளின் சாப்பாட்டுப் பையைத் தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டு, முகமூடி வீரன் மாதிரியே தள்ளாடி நடந்தேன். முதலில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் மொத்தக் கொட்டகையும் சிரித்தது. நைனாவும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார். "போக்கிரிப் பயலே, வா இங்க" என்று மடியில் இழுத்துக்கொண்டார். அந்தச் சிரிப்பின் ருசியை நான் அதற்கப்புறம் விடவே இல்லை.

அவர் அதற்கு மேல் இருபது வருஷம் இருந்தார். தம்பியைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை. பேசியிருக்கக்கூடிய ஒரே நாளில் நான் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடிவிட்டேன் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. பத்து வயசுப் பையன், பயத்தில் செய்தான், மன்னிக்கலாம். ஐம்பத்திரண்டு வயசுக்காரனை என்ன செய்வது?

அடுத்த நான்கு நாளும் நான் பட்ட பாடு இருக்கிறதே! கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "அம்மாடி" என்று ஆரம்பித்தால் எனக்கே சிரிப்பு வந்தது. வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அழித்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, அவளே சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தாள், கடைசி செட் காப்பி எடுக்க. பாஸ்போர்ட்டைக் கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்தினேன். வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. அவள் படம் கறுப்பு வெள்ளையில் வெளியே வந்தது. போலீஸ் தேடுகிற முகம் மாதிரி இருக்குதே என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"எனக்கு பயமா இருக்குதும்மா" என்றேன்.

"எதுக்கு நைனா?"

"நீ அங்க நல்லாத்தான் இருப்பே. அது தெரியும். சாயங்காலம் கடைய மூடிட்டு வீட்டுக்கு வந்தா... நீ இருக்க மாட்டே. அத நெனச்சா கடைய மூடவே கை வர மாட்டேங்குது. ஆறு மாசமாவே இப்படித்தான்."

அவள் கவுண்டரைச் சுற்றி உள்ளே வந்து, மெஷினுக்கும் எனக்கும் நடுவில் நின்று என் சட்டையில் முகத்தை வைத்துக்கொண்டாள். நானும் அழுதேன், சத்தமாகவே. நன்றாக இல்லை அது. மாடு கதறுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆதார் கார்டை நீட்டினார். "ரெண்டு பக்கமும் ஒரு காப்பி" என்றவர் எங்களைப் பார்த்துத் திகைத்து, "இன்னாங்க ஆச்சு, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

இதற்கு என்னிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. இருபது பேர் சிரித்திருப்பார்கள்.

"எம்பொண்ணு நாளைக்கு ஊருக்குப் போவுது" என்றேன். "கொஞ்சம் இருங்க."

அவர் கார்டை மடக்கிய கைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.