அடுத்த வீட்டுப் படத்தில் அப்பாவின் கதிரை

கிளிநொச்சிப் பக்கம் பழைய குடும்பப் படங்களை ஸ்கான் செய்து சேர்த்துத் திரிகிறேன் அல்லவா?

இன்று ஒரு வீட்டில், அறுபதுகளில் எடுத்த கலியாணப் படம் கிடைத்தது.

எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ராசமக்கா, படத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, "உது எங்கட கதிரையெல்லோ!" என்றார்.

களவெடுத்தது என்கிறாரோ என்று வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது.

ராசமக்கா தொடர்ந்தார்: "காடு வெட்டிக் குடியேறின நேரம் நல்ல கதிரை எங்கட வீட்டில மட்டும்தான். ஆர் படம் பிடிச்சாலும் அப்பாதான் தலையில காவிக்கொண்டு போவார்."

"உங்கட வீட்டுப் படங்கள் இருக்கா, அக்கா?"

"இடம்பெயரேக்க எல்லாம் போச்சுது. உதில எனக்கும் ஒண்டு எடுத்துத் தாங்கோ."

"இதில உங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே?"

"கதிரை இருக்குத்தானே, தம்பி."

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்போகிறாராம்.

உங்கள் வீட்டுக் கலியாணப் படத்தையும் ஒருமுறை பாருங்கள். மாப்பிள்ளையைத் தெரியும், கதிரை யாருடையது?