லாரி டியூப் இல்லாமல் படகேறியவன்

நான் ஒரு மடையன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை கேட்டு நீங்களாகக் கண்டுபிடிக்கிற சிரமம் உங்களுக்கு வேண்டாம். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகு காட்டி உட்காருவதைப் பார்த்து, "இன்னா சார், படகு ரிவர்ஸ் கியர்லயே போவுமா?" என்று பி.டி. சாரிடமே கேட்டவன்.

1991, பொங்கல் லீவு முடிந்த வாரம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கள் பள்ளி, நான் ஒன்பதாவது. சார் ஒரு பழைய மரப்படகைப் பிடித்துவந்து, செம்பரம்பாக்கம் ஏரியில் துடுப்புப் போடக் கற்றுத்தருகிறேன் என்றார். அதற்கு முன் பம்புசெட் கிணற்றில் நீச்சல் சோதனை. ஒரு சுற்று நீந்தி, படியைத் தொட்டுப் பெயரைச் சொன்னால் நோட்டில் டிக். டிக் இல்லாதவன் லாரி டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் படகேற வேண்டும்.

என் சிநேகிதன் தானியேலுக்கு நீச்சல் தெரியாது.

"சார்கிட்ட சொல்லிடறேன்டா, எனக்கு டியூப் வேணும்."

"பஸ்ல போறவன்லாம் டிரைவிங் கத்துகினா ஏர்றான்? சும்மா இர்றா."

தண்ணீர் தெறிக்கும் என்று சார் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். நான் நீந்தி என் பெயரைச் சொன்னேன். முங்கி எழுந்து இன்னொரு சுற்று வந்து, "தானியேல்" என்றேன். இரண்டு டிக். பெரிய சாதனை செய்துவிட்டதாகச் சிரித்தேன்.

மறுநாள் ஏரியில் படகில் நானும் அவனும் மட்டும், சாரும் மற்றவர்களும் கரையில். எனக்குக் கோமாளித்தனம் போதவில்லை. முன்னால் பார்த்து ஓட்டுகிறேன் பார் என்று எழுந்து திரும்பினேன். படகு சாய்ந்தது. தானியேல் விழுந்தான்.

சத்தம்கூட இல்லை. கலங்கல் தண்ணீர். குதித்துத் தேடினேன், கைக்கு எதுவும் அகப்படவில்லை. இரண்டாம் முறை முங்கி எழுந்தபோது மூச்சு இல்லை, தெம்பும் இல்லை. மிதந்த துடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இயேசப்பா, அவனக் குடுத்துடு. நான் பண்ணத எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

துடுப்பின் மறுமுனை தண்ணீருக்குள் இழுபட்டது. கீழிருந்து பிடித்திருந்தது அவன் கை.

கர்த்தர் தம் பங்கை அந்த நிமிஷமே செய்தார். நான்?

துடுப்போடு அவனை இழுத்துக் கரை சேர்த்ததும் எல்லாரும் என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். வாயைத் திறக்கவில்லை. தானியேலும் காட்டிக்கொடுக்கவில்லை. ஞாயிறு ஆராதனையில் அவன் அம்மா எஸ்தர் அத்தை, "எம்புள்ளய காப்பாத்துன புள்ள" என்று என்னை முன்னால் நிறுத்தினார். பாதிக் கதையைச் சாட்சியாகச் சொன்னேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கொரு சட்டை எடுத்துக்கொடுத்தார். அன்றிலிருந்து வருஷம் தவறாமல், என் தொப்பைக்கு அளவு கேட்டுக் கேட்டுச் சட்டை. தானியேல் இப்போது ஒரகடத்தில் ஷிப்ட் சூப்பர்வைசர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த இரண்டாவது டிக் ஞாபகம் வரும். ஜெபிக்க முழங்கால் போட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பிரியமானவர்களே, ஆபத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். என் கூப்பாட்டையே கேட்டார் என்றால் உங்களுடையதைக் கேட்காமலா போவார்? ஆனால் பதிலுக்கு ஒன்றைச் செய்வதாகச் சொல்லியிருந்தால், அதைச் செய்துவிடுங்கள். என்னைப்போல முப்பது வருஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். போன வாரம்தான் நான் செய்தேன். இப்போது ஜெபம் வருகிறது. வெட்கத்தோடுதான், ஆனாலும் வருகிறது.

அன்று நான் போனபோது அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கிணறு, டிக், படகில் நான் எழுந்து நின்றது, எதையும் விடாமல் சொன்னேன். கத்தி நின்றது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போட்டிருந்த, அவர் எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைப் பார்த்தார்.

"கயட்டி வச்சிட்டுப் போ."