சுறா எண்ணெய் பூசிய கார்

கரைத்தீவில் ஜெமீலைப் போலப் பயந்த மனிதர் வேறொருவர் இல்லை. பள்ளிவாசலுக்குப் போகும் வழியிலும் நின்று, அடுப்பை அணைத்தாயா என்று மனைவி ரம்ஸியாவுக்குப் போன் எடுப்பார். இப்படிப்பட்ட ஆளிடம்தான் எழுபது வருடப் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. கலியாண வீடுகளுக்கு அதை வாடகைக்கு ஓட்டுவதுதான் அவருடைய பிழைப்பு.

உப்புக்காற்று காரைத் தின்றுவிடும் என்று அவருக்குத் தீராத பயம். வள்ளக்காரர் படகுப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயை வாங்கிவந்து, துணியில் தொட்டு, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் பூசுவார். மாப்பிள்ளைமார் அத்தரோடு ஏறி மீன் வாசத்தோடு இறங்குவதாக ஊரே கிண்டலடிக்கும். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தக் காரில், எஞ்சின் புகை வெளியே போகும் மெனிபோல்ட் குழாய்க்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அது மூடிக்கொண்டு, சூட்டை, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டர் பக்கம் திருப்பும். சூடேறியதும் தானாகத் திறந்துவிட வேண்டும். அதன் அச்சுக்கும் ஜெமீல் தாராளமாக எண்ணெய் பூசியிருந்தார்.

மகள் ஷிம்லாவின் கலியாணத்தன்று ரம்ஸியாவும் மற்றப் பெண்களும் வேனில் முன்னே போய்விட்டார்கள். மணப்பெண்ணை வேறெவர் ஓட்டும் வண்டியிலும் அனுப்ப மனம் வராமல், ஜெமீலே தன் காரின் பின்சீட்டில் இருத்திப் புத்தளத்துக்குக் கூட்டிப்போனார். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வாகன நெரிசல். எஞ்சின் இருமியது. பெற்றோல் வாசமும் மீன் கருகும் வாசமும் சேர்ந்து வந்தன. ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பொனட்டைத் தூக்கினார்.

மெனிபோல்ட் செக்கச்செவேலென்று கிடந்தது. அதற்கு மேலே காபரேட்டரில் பெற்றோல் கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு கீழே விழுந்தால் போதும். பின்கதவுகளோ உள்ளேயிருந்து திறக்காதவை. ஓடும்போது திறந்துவிடுமோ என்று பயந்து, உள்பிடிகளைக் கழற்றி வைத்தவரும் இவரேதான்.

"வாப்பா! என்ன இது புகை?" கண்ணாடிக்குப் பின்னால் ஷிம்லா கத்தினாள்.

ஓடினார். வெளிப்பிடி கையில் வழுக்கியது. அதிலும் எண்ணெய்! "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று புலம்பிக்கொண்டே இரண்டு கையாலும் இழுத்துத் திறந்தார். கலியாணச் சாரியோடு மகளை வாரியிழுத்துத் தெருவைக் கடந்தபோது, பின்னால் குப்பென்று தீப்பற்றியது.

கடைக்காரர்கள் மண்ணள்ளிக் கொட்டி அணைத்தார்கள்.

"பழைய காரெண்டா இப்படித்தான்," என்றார் ஒருவர்.

"கார்ல பிழையில்ல," என்றார் ஜெமீல். மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "நான் பூசின எண்ணெய் கருகி, தகட்டத் தொறக்க விடாம ஒட்டிப் புடிச்சிட்டு. உன்ன உள்ளுக்கு வெச்சுப் பூட்டினதும் நான்தான் மகள்."

ஷிம்லா அவர் கையைப் பிடித்தாள். மண்டபம் வரைக்கும் இருவரும் நடந்தே போனார்கள். மேடைப் படியில் அவள் நின்றாள்.

"கைய விடுங்க வாப்பா. நான் ஏறணும்."

விடுவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது. விட்டார்.