பச்சை எரிகிறது என்று சொன்னேன்

முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன் நான். ஒரு மின்கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியிருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை. தெரிந்துதான் செய்தேன். செய்த காரியம்கூடச் சின்னது. அதற்குப் பிறகு நான் சொன்ன இரண்டு பொய்கள்தான் ஒரு மனிதனின் பேரைக் கெடுத்தன.

என் மகள் விவாகரத்துக்குப் பிறகு ஸ்ரீரங்கத்தில் என்னோடு வந்து தங்கினாள். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். மகள் ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்தாள். பிறகு கல்யாண ரிசப்ஷன்களுக்கு லைட் வாடகைக்குக் கொடுக்கும் தொழிலில் இறங்கினாள். சீரியல் பல்பு, மூங்கில் பந்தல் என்று நாம் பார்த்த லைட் இல்லை. வயரே கிடையாது. நிறுத்தி வைத்த செங்கல் அளவுக்கு ஒரு விளக்கு, உள்ளே பேட்டரி. தூணடியில் வைத்துவிட்டு, போனில் விரலால் தொட்டால் தூண் முழுக்க எந்த நிறம் வேண்டுமோ அந்த நிறம் ஏறும். பிளக் பாயிண்ட் இல்லாத பழைய மண்டபத்திலும் கொள்ளிடக்கரைத் தோப்பிலும் வைக்கலாம். குழந்தைகள் தடுக்கி விழ வயர் இருக்காது.

இந்தத் தொழிலில் அவளுக்குக் கூட்டாளி ஒருவர். நாற்பது வயதுக்காரர், டவுனில் பெரிய கடைவீதிக்குப் பின்னால் வீடு. வளைகுடாவில் ஓட்டல் விழாக்களுக்கு லைட் போடுகிற வேலையில் பதினோரு வருடம் இருந்தவர். பெண் குழந்தை தன்னைப் பார்த்து அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது என்பதற்காகவே அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்ததாக என்னிடம் சொன்னார். மகள் அவரை 'பாய்' என்று கூப்பிடுவாள். அவர் அவளை 'மேடம்' என்பார், என்னை 'சார்' என்பார்.

கெட்டிக்காரர். ஒருநாள் எங்கள் கூடத்திலேயே ஒரு விளக்கை வைத்து நிறங்களை மாற்றிக் காட்டினார். நீலம் வந்ததும் சட்டென்று அணைத்தார்.

"நீலத்தை மட்டும் மூஞ்சில படவிடக் கூடாது சார். பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் ஐஸ் பெட்டிலேருந்து எடுத்த மாதிரி இருப்பாங்க."

நான் சிரித்தேன். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பிடிக்காத ஒருவருக்குச் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காதோ என்னவோ.

அவர் வீட்டுச் சந்தில் வேன் நுழையாது. அதனால் விளக்குகள் எங்கள் வீட்டில் இருந்தன. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் ரேழியில் ஐந்து பெரிய பெட்டிகள், கீழே சக்கரம் வைத்தவை. ஒரு பெட்டிக்கு எட்டு விளக்கு. பெட்டியைப் பிளக்கில் சொருகிவிட்டால் எட்டும் சேர்ந்து சார்ஜ் ஏறும். ஒவ்வொரு விளக்குக்கும் நேராக ஒரு பொட்டு: ஏறுகிறவரை சிவப்பு, நிறைந்தால் பச்சை. ஆறு மணி நேரம் ஆகும். பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டாத வகை. பச்சையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பார்ப்பது என் வேலை. வீட்டில் இருப்பவன் நான்தானே. "அப்பா, பச்சையான்னு மட்டும் பாத்துடு" என்பாள் மகள். பார்த்துச் சொல்வேன். ஒரு வருடம் ஒரு தவறும் இல்லை.

அன்றைக்கு என் தகப்பனாரின் சிராத்தம். அன்று சாயங்காலமே திருவானைக்கோவில் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். முதல்நாள் வேறொரு நிகழ்ச்சியில் விளக்குகள் ஓடியிருந்ததால் காலை ஆறு மணிக்கு வந்து ஐந்து பெட்டிகளையும் கூட்டாளியே பிளக்கில் சொருகினார். "ஒரு மணிக்குள்ள பச்சை ஆயிடும் சார்" என்று சொல்லிவிட்டு மகளோடு பூ மார்க்கெட்டுக்குப் போனார்.

எட்டரை மணிக்கு நான் ஸ்நானம் செய்து, தீட்டு எதுவும் படாமல் மடியாக வந்து ரேழியில் நின்றேன். சிராத்தத்துக்கு வருகிறவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அவர்கள் கடந்து வரும் இடத்தில், காலையில் அவர் தொட்டு வைத்துவிட்டுப் போன பெட்டிகள். முந்தின நாள் அதே பெட்டிகள் மீது நான் செய்தித்தாளை வைத்துப் படித்திருக்கிறேன். அன்று காலை மட்டும் எனக்கு அது பொறுக்கவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. நானாகவே ஐந்து பிளக்கையும் பிடுங்கினேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் தகரக் கொட்டகைக்குள் விட்டேன். அங்கே பிளக் கிடையாது. கிணற்றடி ஈரமண்ணில் சக்கரங்கள் புதைந்தன. திரும்பவும் குளித்தேன்.

ஒன்பதரைக்கு, சிராத்தம் செய்துவைக்கும் வாத்தியார் ஸ்வாமி வந்தார். ரேழியில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"எங்கே ஸ்வாமி, லைட் பொட்டியெல்லாம் காணோம்? எங்காத்துப் பேரன் பூணலுக்குக் கேக்கலாம்னு இருந்தேன். அந்த பாயை எனக்குப் பேசிவிடுங்கோ. தூணெல்லாம் தகதகன்னு பண்றாராமே!"

எனக்கு முகம் சுட்டது. அப்போதே போய்ப் பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கலாம். மடியோடு அவற்றைத் தொட மனம் வரவில்லை. முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். முடிய இரண்டு மணி. சாப்பிட்ட சாப்பாட்டில் கண் செருகியது. கூடத்தில் படுத்தேன்.

போன் அடித்துத்தான் விழித்தேன். மூன்றரை மணி. அவர் மண்டபத்திலிருந்து பேசினார்.

"சார், வேன் அனுப்பிட்டேன். நான் இங்க மேடைல மாட்டிக்கிட்டேன். பச்சை எரியுதுங்களா?"

இல்லை என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். நீங்கள் தொட்ட பெட்டி, அதனால் கொல்லையில் போட்டேன் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? அந்த வாக்கியம் எவ்வளவு கேவலமானது என்று அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது. செய்யும்போது தெரியாத கேவலம் சொல்லும்போது தெரிந்தது.

"எரியறது" என்றேன்.

"எல்லாமேங்களா?"

"எல்லாம் பச்சைதான்."

ஓடிப்போய்ப் பெட்டிகளை இழுத்துவந்து சொருகினேன். நாற்பது சிவப்புப் பொட்டுகள். அரை மணி நேரத்தில் வேன் வந்துவிட்டது. மீதி இருந்த சார்ஜும் காலையில் ஏறிய இரண்டரை மணி நேரமும் இந்த அரை மணியும் சேர்ந்து எப்படியாவது ஒப்பேறிவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். ஒப்பேறாது என்பது அந்தக் கணக்கிலேயே இருந்தது. நாற்பது விளக்கும் முழு வெளிச்சத்தில் நான்கு மணி நேரம் எரிய வேண்டும்.

மகள் கூப்பிட்டிருந்ததால் ஆறு மணிக்கு நானும் மண்டபத்துக்குப் போனேன். கருங்கல் தூண்கள் எல்லாம் பெண்ணின் புடவைக்குப் பொருத்தமாக அரக்கு நிறத்தில் நின்றன. மேடையில் மட்டும் பொன் வெளிச்சம். அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்தபடியே ஒவ்வொரு தூணாகச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எப்படி என்று கண்ணாலேயே கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

ஏழே முக்காலுக்கு வாசல் பக்கத்துத் தூண் ஒன்று அணைந்தது. பிறகு அதன் ஜோடி. கால் மணி நேரத்துக்குள் மேடையும் போயிற்று. யாரோ மண்டபத்து டியூப்லைட்டுகளைப் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் பெண்ணின் முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். பெண்ணின் மாமா மேடையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கிவந்தார்.

"யாருய்யா லைட்டு? என்னய்யா இது, எழவு வீடு மாதிரி! கல்யாணத்துக்கு வந்தவன் வாய்க்கரிசி போட்டுட்டுப் போகவா?"

காட்டூரில் குடோன் வைத்திருக்கும் டெக்கரேஷன்காரர் ஒருவர் பூ அலங்காரத்துக்கு வந்திருந்தார். அவர் பங்குக்கு, "சார்ஜ் போட மறந்துட்டியா பாய்? ஜீரோ பர்சென்ட்டா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மகளின் கூட்டாளி நேராக என்னிடம் வந்தார்.

"சார், நீங்க பார்த்தப்ப பச்சை எரிஞ்சுதுல்ல?"

மகள் என்னைப் பார்த்தாள். மாமா பார்த்தார். ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று எல்லோருக்கும் என்னை அறிமுகம் செய்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"நீ எப்ப போட்டே, எப்படிப் போட்டேன்னு எனக்கு என்னப்பா தெரியும்?" என்றேன்.

ஒரு வருடமாக அவரை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தேன். அன்று 'நீ' தானாக வந்தது. இரண்டாவது பொய்க்கு அது துணையாக வந்தது.

அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "என் தப்புதாங்க. மன்னிச்சிடுங்க."

விளக்குகளைத் திரும்ப அடுக்கிய பெட்டிகளை வேனில் ஏற்றும்போது அவற்றின் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். ஈரமண் காய்ந்து அப்பியிருந்தது. கைக்குட்டையால் ஐந்து பெட்டிகளின் சக்கரங்களையும் துடைத்தார். மகள் வருவதற்குள் துடைத்துவிட வேண்டும் என்பதுபோல அவசரமாகத் துடைத்தார். நான் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு 'ஜீரோ பர்சென்ட் பாய்' என்ற பெயர் திருச்சி முழுக்கச் சுற்றியது. மண்டப மேனேஜர்கள், சமையல்காரர்கள், வீடியோக்காரர்கள் எல்லோருக்கும் அது ஒரு வேடிக்கை. முன்பணம் கொடுத்தவர்கள்கூட "லைட் நீங்க போடுங்க மேடம், அந்த ஜீரோ பாய் மட்டும் வேணாம்" என்றார்கள். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தார். "என்னால உங்க பேரும் போயிடும் மேடம்" என்று மகளிடம் சொல்லிவிட்டு விலகினார். மறுபடியும் வளைகுடா. மகள் அவர் மேல் கோபமாகவே இருந்தாள். ஒரு தடவை மறந்துவிட்டேன் என்று தன்னிடமாவது ஒப்புக்கொண்டிருக்கலாம் என்பது அவள் குறை. எதுவும் சொல்லாமல் நின்றாராம். நான் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

சிராத்தம் வருடா வருடம் வருகிறது. அடுத்த வருடம் எள்ளும் நீரும் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த வருடம் முடியவில்லை. வந்தவர்கள் போன பிறகு, சாயங்காலம் மகளை உட்காரவைத்து, பிளக்கைப் பிடுங்கியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ரெண்டு வருஷமா அவர் போனை நான் எடுக்கலைப்பா. பெருநாளைக்குக் கூப்பிட்டார், அதையும் எடுக்கலை" என்றாள். எழுந்துபோய்த் தன் போனை எடுத்துவந்து, அவர் எண்ணை அழுத்தி, என் கையில் கொடுத்தாள்.

அவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"சக்கரத்துல மண்ணைப் பார்த்தப்பவே தெரியும் சார்."

"ஏன் சொல்லலை?"

"அவங்க எதிர்ல அவங்க அப்பாவை எப்படி சார் சொல்றது?"

"என்னை மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் வண்டிகளின் இரைச்சல் கேட்டது.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா நீங்க நிம்மதியா போனை வெச்சிடுவீங்க. என் பொண்ணு அஞ்சாவது படிக்கிறா சார். நான் இங்க இருக்கேன்." மறுபடி அவரே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் வேணாம். அந்தப் பேரை மட்டும் ஊர்ல எடுத்துடச் சொல்லுங்க. என் மச்சானே போன்ல அப்படித்தான் கூப்பிடறான்."

மறுநாள் கிளம்பினேன். முதலில் அந்த மண்டபத்து மேனேஜர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அன்று நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சிராத்தம், கொல்லை, போனில் சொன்ன பொய், சபையில் சொன்ன பொய், ஒன்றும் விடவில்லை. அவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு, நம்ம ஜீரோ பாயா? விடுங்க சார், எப்பவோ நடந்தது. அந்த ஆளுக்காக இந்த வயசுல நீங்க பழியை ஏத்துக்கிறீங்க பாருங்க. பெரிய மனசு சார்."

"ஏத்துக்கலைங்க. நான்தான் செஞ்சேன்."

"சரி சார், சரி. நீங்கதான் செஞ்சீங்க" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "சொன்னியா?"

"சொன்னேன்."

"நம்பினாரா?"

"பெரிய மனசுன்னார்."

"அப்போ இன்னொருத்தர்கிட்ட போய்ச் சொல்லு."

போனேன். போய்க்கொண்டிருக்கிறேன். வீடியோக்காரர், சமையல் காண்ட்ராக்டர், பெண்ணின் மாமா. மாமா மட்டும்தான் கோபப்பட்டார். அதுவும் பழைய விஷயத்தைக் கிளறுகிறேனே என்று. என் படிப்பும் நரையும் நெற்றியில் இருக்கும் திருமண்ணும் நான் சொல்லும் உண்மைக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. கூட்டாளிக்கு எதிராக அன்று ஒரு சாட்சியும் தேவைப்படவில்லை.

போன வாரம் காட்டூருக்குப் போய், அந்தப் பெயரை முதலில் வைத்த டெக்கரேஷன்காரரைக் குடோனில் பார்த்தேன். அவரிடமும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் முழுதும் கேட்டார். பிறகு உள்ளே பூக்கூடை கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, "இங்க பாருங்கய்யா, ஜீரோ பாய்க்காக இந்த வெயில்ல ஸ்ரீரங்கத்துலேருந்து பரிஞ்சு பேச வந்திருக்காரு. இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார். அவர்கள் என்னைக் கும்பிட்டார்கள். எனக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. வாங்கிக் குடித்தேன்.