வரிசையில் இரண்டாவது பெயர்

கொட்டாஞ்சேனையில் அம்மா வெள்ளிக்கிழமைகளில் போகும் கோயிலில் அர்ச்சனைத் துண்டு அடிக்கும் மென்பொருளை எங்கள் அலுவலகம்தான் பார்த்துக்கொள்கிறது. பழைய ஜாவா மொழியில் எழுதியது. அதை எழுதியவர் மெல்பேர்னுக்குப் போய்விட, அந்தச் சனியன் என் தலையில் விடிந்தது. கோயில் காரியத்தைச் சனியன் என்று சொல்லக்கூடாது என்பார் அம்மா.

வேலை என்னவோ சின்னதுதான். தொலைபேசி இலக்கத்தைச் சொன்னால் வீட்டாரின் பெயர்கள் நட்சத்திரத்தோடு திரையில் வரும். ‘அர்ச்சனை’ என்ற பட்டனை அமத்தினால் எல்லாப் பெயர்களும் துண்டில் அடித்து வரும். ஐயர் அதைப் பார்த்து வாசிப்பார். ஒரு பெயரைத் தெரிவுசெய்து ‘நீக்கு’ என்பதை அமத்தினால் அந்தப் பெயர் மட்டும் போய்விடும்.

எங்கள் இலக்கத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அம்மா, அண்ணா, நான். அப்பா எனக்கு நினைவு தெரியுமுன்பே போய்விட்டார். அண்ணா வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருந்தார். போன வருஷம் ஒருநாள் வேலைக்குப் போன இடத்தில் படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் அவருடைய பெயரை ஒருவரும் சொல்வதில்லை. யாரும் தீர்மானித்துச் செய்ததல்ல. அவருடைய அறையை ‘முன்னறை’ என்போம். அவர் போட்ட சேட்டு ‘அந்தச் சேட்டு’ ஆகிவிட்டது. மீன்தலை அண்ணாவுக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது அம்மா ஒன்றும் பேசாமல் அதை என் சோற்றுக் கோப்பையில் போடுவார், நானும் ஒன்றும் பேசாமல் சாப்பிடுவேன். எனக்கு மீன்தலை பிடிக்காது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சாவுத் துடக்குக் கழிந்து, அம்மா திரும்பவும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். முதல் வெள்ளியே கவுன்டரில் சொல்லி அண்ணாவின் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டதாக வந்து சொன்னார். “சொல்லிப்போட்டன்” என்ற ஒரு சொல்தான், அதற்கு மேல் இல்லை. உயிரோடு இருப்பவர்களின் அர்ச்சனையில் காலமானவர் பெயர் வரக்கூடாதாம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர்களுக்குப் பிள்ளை சாகவில்லை போலும்.

சில மாதங்கள் கழித்துப் புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர் கோயிலில் வந்து சண்டை பிடித்திருக்கிறார். காலமான தகப்பனை எடுக்கச் சொன்னால், உயிரோடு இருக்கும் தாயை எடுத்துவிட்டார்களாம். கவுன்டரில் இருக்கும் அக்கா அழாக்குறையாக எனக்குப் போன் எடுத்தார்.

“தங்கச்சி, நான் சரியான பேரைத்தான் தொட்டனான். கொம்பியூட்டர்தான் ஆளை மாத்துது.”

கொம்பியூட்டரைக் குறை சொல்லாத ஆளை நான் இன்னும் காணவில்லை. ஆனால் திறந்து பார்த்தால் அக்கா சொன்னது உண்மை. திரையில் தெரிவது பெயர். பட்டனை அமத்தும்போது உள்ளே போவது பெயரல்ல, அது வரிசையில் எத்தனையாவது என்ற எண் மட்டும். பெயர்கள் மூத்தவர் முதலாக வரவேண்டும், ஐயர் அப்படித்தான் வாசிப்பார் என்று கோயில்காரர் இடையில் கேட்டிருக்கிறார்கள். மெல்பேர்ன்காரர் திரையை மட்டும் வயதுப்படி அடுக்கிவிட்டு விமானம் ஏறிவிட்டார். உள்ளே நீக்குகிற பகுதி இன்னும் பழையபடி, பதிந்த ஒழுங்கில் எண்ணிக்கொண்டிருந்தது. திரையில் இரண்டாவது பெயரைத் தொட்டால் ‘இரண்டு’ என்று மட்டும் உள்ளே போகும். அங்கே இரண்டாவதாக நிற்பவர் வேறு ஆள்.

நீக்கிய பெயர்கள் முற்றாக அழிவதில்லை, ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். பிழையாகப் போனவர்களைத் திரும்பச் சேர்க்க அவற்றை எடுத்துப் பார்த்தேன். அதில் என் பெயர் இருந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கோயிலில் முதன்முதல் பதியும்போது அம்மா தன் பெயரைக் கொடுத்த கையோடு என் பெயரைக் கொடுத்தவர். எனக்குக் கலியாணம் பொருந்தவேண்டும் என்ற அவசரம். அண்ணாவைக் கடைசியில்தான் பதிந்தார். “அப்ப நான் என்ன, தவிட்டுக்கு வாங்கின பிள்ளையோ?” என்று அண்ணா அன்றைக்கு முழுக்கப் பகிடி விட்டுக்கொண்டிருந்தார். மூத்தவர் முதலாகத் திரையில் இரண்டாவது அண்ணா. பதிந்த ஒழுங்கில் இரண்டாவது நான்.

ஆக, இவ்வளவு காலமும் வெள்ளிக்கு வெள்ளி ஐயர் அம்மாவின் பெயரையும் அண்ணாவின் பெயரையும்தான் வாசித்து வந்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பிழை விட்ட நிரலில் அல்ல, அம்மாவில். என் பெயர் வராதது அவருக்குக் கேட்கவில்லையா?

வீட்டுக்குப் போனபோது அம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“கோயிலில என்ர பேர் வாறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமே?”

“ஓம்.”

“பிறகேன் சொல்லேல்லை?”

அம்மாவின் கை நிற்கவில்லை. “முதல் நாள் ஐயர் வாசிக்கேக்க எனக்குத் திக்கெண்டுது. எடுக்கச் சொன்ன பேரை வாசிக்கிறார், உன்ர பேரை விட்டிட்டார். போய்ச் சொல்லத்தான் வெளிக்கிட்டனான்.” ஒரு கொத்தை உருவி முடித்தார். “அவன்ர பேரை ஒராள் சத்தமாச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம், பிள்ளை. இந்த வீட்டில ஆர் சொல்லுறம்? அடுத்த கிழமை சொல்லுவம், அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு விட்டிட்டன்.”

“அப்ப நான்?”

“உன்ர பேரை நான் மனசுக்குள்ள சொன்னனான். நீ இருக்கிறாய்தானே. கூப்பிட்டா வருவாய்.”

அதற்குப் பிறகு எனக்குக் கோபப்பட ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. அம்மா இலைகளை அள்ளிக்கொண்டு எழும்பினார். “நீயே அவன்ர பேரை எடுத்துவிடு. இன்னொருக்கா அங்க நிண்டு சொல்ல எனக்கு ஏலாது.”

மறுநாள் அலுவலகத்தில் திருத்தினேன். இனி எத்தனையாவது இடம் என்று போகாது. ஒவ்வொருவருக்கும் உரிய தனி இலக்கமே போகும். வரிசையை எப்படி மாற்றினாலும் ஆள் மாறாது. பிழையாகப் போன எல்லாரையும், என்னையும், திரும்பச் சேர்த்தேன். பிறகு எங்கள் வீட்டை எடுத்து, அண்ணாவின் பெயரைத் தெரிவுசெய்து, ‘நீக்கு’ என்பதை அமத்தினேன். அது சரியாக அண்ணாவையே எடுத்தது. நான் எழுதிய ஒன்று பிழையில்லாமல் வேலை செய்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

அந்த வெள்ளி அரைநாள் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கவுன்டர் அக்கா பட்டனை அமத்தினார், துண்டு வந்தது. அம்மா அதை வாசிக்காமலே தட்டில் வைத்தார்.

ஐயர் துண்டைப் பார்த்து அம்மாவின் பெயரை நட்சத்திரத்தோடு வாசித்தார். அடுத்தது என் பெயர். அம்மா கண்களை மூடியபடி, அதற்கு மேல் வராத எதையோ கேட்டுக்கொண்டு நின்றார். ஐயர் துண்டை மடித்தபோது, நான் அண்ணாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.

துண்டில் இல்லாத பெயர். ஐயர் மடித்ததை விரித்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நட்சத்திரம்?” என்று கேட்டார்.

“சுவாதி” என்றார் அம்மா.