பணியில் உள்ளார்

போன வாரம் வைட்ஃபீல்டில் என் அலுவலகத்துக்கு, வேலைவாய்ப்பு முகாம் நடத்தியவர்களில் ஒருவர் போன் செய்தார். அந்த முகாமிலிருந்து நாங்கள் ரிசப்ஷனுக்கு எடுத்துக்கொண்ட பெண் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார். நின்று இரண்டு வாரம் ஆகிறது என்றேன். "சார், இருக்காங்கன்னே போட்டுக்கட்டுமா?" என்றார். வேண்டாம், உள்ளதையே போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அவர் மேல் கோபம் வரவில்லை. இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

படித்து முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை, வேலை இல்லாதவர்களுக்கு வழிகாட்டுவது. சிரிக்காதீர்கள். ஜீவனஹள்ளியில் ஒரு சமுதாயக் கூடத்தில் வார்டு வேலைவாய்ப்பு உதவி மையம் திறந்திருந்தார்கள். தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால் என்னை ஒப்பந்தத்தில் எடுத்து, கழுத்தில் 'ஆலோசகர்' என்று ஓர் அட்டையையும் மாட்டிவிட்டார்கள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதுகூட அதைக் கழற்ற மாட்டேன். ஞாயிறுகளில் அந்தக் கூடத்தில் கல்யாணம் நடக்கும். திங்கள் காலை கதவைத் திறந்தால் சாம்பாரும் வாடிய மல்லிகையும் கலந்த வாசனை. அதற்குள்தான் வேலை கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒரு திங்களில் செல்வி அக்கா வந்தார். கார்மென்ட்ஸ் ஃபேக்டரியை மூடியதால் வேலை போனவர். கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் மட்டும். வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு அனுப்பினேன். நியமனக் கடிதத்தைப் பைக்குள் வைக்கப் பார்த்து, மடங்கிவிடும் என்று கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துப் போன் செய்து விசாரித்து எழுதுவது என் வேலை. அவர் பதினோராவது நாளே நின்றிருந்தார்.

"ரெண்டு பஸ் மாறணும் தம்பி. எப்ப கிளம்பினாலும் லேட்டாயிடுது. பாப்பா ஸ்கூல் விட்டு வந்து பூட்டுன வாசல்லயே உக்காந்திருக்கா."

எங்கள் மேற்பார்வையாளர் தினமும் மாலையில் "எஷ்டு ஜன ஆயிது?" என்று கேட்பார், எத்தனை பேருக்கு வேலை ஆயிற்று என்று. அந்த மாதம் என் பட்டியல் நோஞ்சானாக இருந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வேறு.

"அக்கா, இருக்கீங்கன்னே போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ தம்பி. அதனால எனக்கு என்ன?"

அதனால் என்ன என்பது மூன்று மாதத்தில் தெரிந்தது. ஜீவனஹள்ளியிலேயே, நடந்து போகும் தூரத்தில், பூங்கா பராமரிப்புக்குப் பெண்களை எடுத்தார்கள். பதிவில் வேலை இல்லை என்று இருப்பவர்களுக்கு மட்டும். செல்வி அக்கா எட்டு மணிக்கே வந்துவிட்டார். பெயர்களைப் படித்தது நான்தான்.

"என் பேரு வரலியே தம்பி."

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்புக்கா. பாக்குறேன்."

திருத்த வழி இருந்தது. மேற்பார்வையாளரிடம் போய், பொய்யாக எழுதியது நான் என்று சொல்ல வேண்டும். அவர் மேஜை பத்தடி தூரம். இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மாலைக்குள் இடங்கள் நிரம்பிவிட்டன.

பத்து நாள் கழித்து செல்வி அக்கா வீட்டைத் தேடிப் போய் உண்மையைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருக்கலாம்.

"அன்னிக்கே சொல்லிருந்தா நானே உள்ள போய்க் கேட்டிருப்பேன்ல," என்றார். "எனக்கு வாய் இருக்கு தம்பி."

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். அடுத்த வருஷம் மையத்தையே மூடினார்கள். செல்வி அக்கா மகளோடு ஓசூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவருடைய எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

அந்தப் போன் வந்த வாரம் சனிக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். கூடத்தை இடித்துவிட்டார்கள். வேலைக்குப் பதிவு செய்கிற இடம் இப்போது எங்கே என்று எதிர்க் கடைக்காரரிடம் கேட்டேன்.

"எல்லாம் ஆன்லைன்லதான் சார்."

பால் வாங்க நின்றிருந்த ஓர் அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "அதுல யாருகிட்டப் போய்க் கேக்குறது?" என்றார்.