புது கம்ப்யூட்டருக்குள் செத்த பல்லி

அம்மையார்குப்பத்தில் உதயாவைத் தெரியாத தறிக்காரர் கிடையாது. புடவை பார்டருக்கு மாங்காய், அன்னம், கட்டம் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பாள். அதை வைத்துத்தான் தறியில் மாட்டும் துளை அட்டையை அடிப்பார்கள். பன்னிரண்டு வருஷம் ஒரே பழைய பெட்டியோடு மல்லுக்கட்டியவள், தீபாவளி ஆர்டர் குவியவும், திருத்தணி மணவாளன் கடையில் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினாள். வந்த அன்றே குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள்.

அன்று மத்தியானமே அது ஹேங் ஆனது. அன்னத்தின் கழுத்து பாதியில் நிற்க, மவுஸை எப்படி ஆட்டினாலும் அம்பு நகரவில்லை. அணைத்துப் போட்டால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி நிற்கும். நாலாம் நாள் சுத்தமாகக் கிளம்பவே இல்லை. ஃபேன் சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது.

மணவாளனுக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊர்ல கரண்டு சரியில்லக்கா. தறி ஓட்ற எடத்துல வோல்டேஜ் ஏறி எறங்கும்."

"பழைய பெட்டி இதே பிளக்குல பன்னெண்டு வருஷமா ஓடிக்கினு இருக்குதே?"

"சார் இருந்தா குடுங்களேன், அவருக்குப் புரியிற மாதிரி சொல்றேன்."

அவள் புருஷன் சக்திவேலுக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. போனை வாங்கி "ஆங்... ஆங்" என்று தலையாட்டிவிட்டு, "ஒரு வாரம் வெச்சிப் பாக்கச் சொல்றாரு" என்றான். உதயாவுக்கு இருவர் மேலும் வெறுப்பு பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். ரேம் இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். கறுப்புதான். போர்டிலிருந்த வட்ட பேட்டரியைக் கழற்றி மாட்டினாள். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பழைய பெட்டியிலிருந்து, உள்ளே கரண்டு கொடுக்கும் பவர் சப்ளை டப்பாவைக் கழற்றி இதில் மாட்டினாள். சட்டென்று திரையில் வெளிச்சம் வந்தது. இருப்பதிலேயே பெரிய டிசைனைத் திறந்து சாயந்திரம் வரை ஓட்டினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அப்படியென்றால் கோளாறு மணவாளன் போட்ட பவர் சப்ளையில்தான். அதைக் கையில் எடுத்தாள். புது ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர் மங்கலாகத் தெரிந்தது. ஆட்டினால் உள்ளே என்னவோ உருண்டது. நியூஸ் பேப்பரை விரித்துத் தட்டினாள். ஒட்டடை விழுந்தது, கரப்பான் கால்கள் விழுந்தன, பின்னாலேயே ஒரு செத்த பல்லி, வற்றல் மாதிரி காய்ந்து விழுந்தது. கூடவே ஒரு வீச்சம். இதற்கா கற்பூரம் காட்டினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் ஒரு கவரில் கட்டிக்கொண்டு திருத்தணி பஸ் ஏறினாள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் பம்பையுமாக ஜனம் நெருக்கியடித்தது. அந்தக் கவர் யார் மேலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மணவாளன் பல்லியை விரலால் புரட்டிப் பார்த்தான். "பல்லி எங்க வேணாலும் பூரும்க்கா."

"நாலே நாள்ல பூந்து, செத்து, காஞ்சும் போச்சா? ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கர் ஒட்னதும் பல்லிதானா?"

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். மணவாளன் அவசரமாக அலமாரியிலிருந்து சீல் பிரிக்காத பவர் சப்ளை ஒன்றை எடுத்து வைத்தான். "மேல இருந்து வர்ற சரக்குக்கா, எனக்கு இன்னா தெரியும்? இத யாரு கண்டுபுடிச்சது, சாரா?"

"நான்தான்."

"சரி, சரி. டீ சொல்லட்டா?" பல்லியைத் தொட்ட விரலைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, அதே கையால் கிளாஸை எடுத்தான். வேண்டாம் என்றாள். சீலைத் தன் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, அங்கேயே ஓட்டிக் காட்டிய பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.

மாட்டியதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடியது. தீபாவளி டிசைன் அத்தனையும் தவணைக்குள் போய்ச் சேர்ந்தது. ஆனால் அவள் கடைக்குப் போய் வந்த மறுநாளே மணவாளன் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில், விற்றபோது எடுத்த அவள் கம்ப்யூட்டர் படத்தைப் போட்டு, 'அம்மையார்குப்பம் கஸ்டமர் ஹேப்பி' என்று எழுதியிருந்தான். அதைச் சக்திவேலிடம் காட்டினாள்.

"வேல ஆச்சில்ல, வுடு" என்று சிரித்தான் அவன்.

அந்தச் சிரிப்புக்காக இரண்டு நாள் அவனோடு அவள் பேசவில்லை.